ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை அச்சேறும் முன்



இக்கல்லூரிச் சஞ்சிகையில் நான் கடைசியாக எழுதியது உயர்தர வகுப்பில் படித்த காலத்தில். மழையைப் பற்றிய ஒரு கவிதை அது. எங்கள் தமிழ் ஆசிரியை அதைத் திருத்தும்படி மூன்று தடவை திருப்பித் தந்தார். மூன்றாம் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. பல வருடங்களின் பின்னர் வைத்தியராகி, என் முதலாவது ஆய்வுக் கட்டுரையை ஒரு மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்பி, அது இரண்டே நாட்களில் திரும்பி வந்தபோது அந்த ஆசிரியைதான் என் ஞாபகத்துக்கு வந்தார்.

இம்முறை மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்தத் திரும்பி வந்த கட்டுரையையே பாடமாக எழுதலாம் என எண்ணினேன். உங்களில் எத்தனை பேர் வைத்தியராவீர்களோ தெரியாது. ஆனால் உங்களில் பலர் ஒருநாள் எதையேனும் அளந்து, எண்ணி, எழுதி, உங்களை முன்பின் அறியாத ஒருவரின் கையில் கொடுக்கத்தான் போகிறீர்கள். அப்போது இப்பாடம் உதவும். நோயாளர்களின் அந்தரங்கம் கருதி, கீழே வரும் எண்களையும் சில விபரங்களையும் மாற்றியே தந்திருக்கிறேன்.

அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள்

எங்கள் ஆய்வு மிகச் சிறியது. கிளினிக்குக்கு வரும் நீரிழிவு நோயாளர் 60 பேரைச் சேர்த்து, ஆறு மாதங்களின் பின்னர் அவர்களின் இரத்தச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா எனப் பார்த்தோம். எழுதி முடித்ததும் ஆர்வத்தில் உடனே அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த மின்னஞ்சலில் எங்கள் ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "கட்டுரையாசிரியர்களுக்கான அறிவுறுத்தல்களின்படி அமைத்து மீண்டும் அனுப்பவும்" என்று மட்டுமே இருந்தது.

ஒவ்வொரு மருத்துவச் சஞ்சிகையும் இத்தகைய அறிவுறுத்தல்களை வெளியிட்டிருக்கிறது. சுருக்கம் எத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும், அட்டவணைகள் எத்தனை வரலாம், உசாத்துணைகளை எப்படி எழுதுவது என்றெல்லாம் அதில் இருக்கும். பரீட்சை வினாத்தாளின் முதற் பக்கத்தை வாசிக்காமல் விடை எழுதத் தொடங்கும் மாணவியைப் போல நான் அதை வாசிக்காமலே எழுதியிருந்தேன்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது சுவையான கதை. தட்டச்சு இயந்திரக் காலத்தில் ஒவ்வொரு சஞ்சிகையும் ஒவ்வொரு வடிவம் கேட்டது. ஓரிடத்தில் நிராகரிக்கப்பட்ட கட்டுரையை இன்னோரிடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் முழுவதையும் மறுபடி தட்டச்சுச் செய்ய வேண்டும். 1978இல் சில மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் கனடாவின் வன்கூவர் நகரில் கூடி, எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவத்தைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு அவ்விதிகள் வெளியாகின. அக்குழுவே இன்று மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவாக இயங்குகிறது. உசாத்துணைகளை 1, 2, 3 என இலக்கமிட்டு எழுதும் முறையை 'வன்கூவர் முறை' என அழைப்பதும் இதனால்தான்.

எமது நாட்டுக்கும் இத்துறையில் நீண்ட மரபு உண்டு. இலங்கை மருத்துவச் சங்கத்தின் 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' 1887இல் ஆரம்பமானது. நாட்டின் பெயர் மாறிய பின்னும் சஞ்சிகையின் பெயர் மாறவில்லை.

நான்கு பகுதிகள், நான்கு கேள்விகள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் உடல் பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது.

அறிமுகம்: ஏன் இந்த ஆய்வைச் செய்தோம்? நோயின் முழு வரலாற்றையும் இங்கே கொட்டத் தேவையில்லை. அறியப்பட்டது எது, அறியப்படாதது எது, எங்கள் நோக்கம் என்ன என்பதைச் சில பந்திகளில் சொன்னால் போதும்.

முறையியல்: என்ன செய்தோம்? எங்கே, எப்போது, யாரை, எப்படித் தெரிந்தெடுத்தோம், எதைக் கொண்டு அளந்தோம் என எழுத வேண்டும். இதை வாசித்து இன்னொருவர் வேறோர் ஊரில் அதே ஆய்வைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். சமையற் குறிப்பில் "தேவையான அளவு உப்பு" என்று எழுதுவார்கள். இங்கே அப்படி எழுத முடியாது.

பெறுபேறுகள்: என்ன கண்டோம்? கண்டதை மட்டும் எழுத வேண்டும். "ஆச்சரியப்படத்தக்க முன்னேற்றம்" போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. அட்டவணையில் உள்ள எல்லாவற்றையும் மறுபடி வசனமாக எழுதவும் கூடாது.

கலந்துரையாடல்: இதன் பொருள் என்ன? பிறர் கண்டவற்றோடு எங்களுடையது பொருந்துகிறதா, எங்கள் ஆய்வின் குறைபாடுகள் எவை என்பன இங்கே வரும். தன் குறையைத் தானே சொல்லும் இப்பகுதியைப் புதிதாக எழுதுவோர் பயந்து சுருக்கிவிடுவார்கள். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.

இவற்றுக்கு முன்னே தலைப்புப் பக்கமும் சுருக்கமும் வரும். தலைப்புப் பக்கத்தில் கட்டுரையாசிரியர்களின் பெயர்கள், பணியிடங்கள், தொடர்பு கொள்ள வேண்டியவரின் முகவரி, சொற்களின் எண்ணிக்கை என்பன இருக்கும். மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரெனத் தெரியக்கூடாது என்று சில சஞ்சிகைகள் கருதும். அவை இப்பக்கத்தைத் தனிக் கோப்பாகக் கேட்கும். சுருக்கம் பெரும்பாலும் 250 சொற்கள் அளவில் அமையும். பலர் சுருக்கத்தை மட்டுமே வாசிப்பார்கள் என்பதால் அதைக் கடைசியாக எழுதி, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் கட்டுரையின் உள்ளே உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, பக்க இலக்கம், வரி இலக்கம் ஆகியவற்றைக் கேட்பதும் அலங்காரத்துக்காக அல்ல. "ஏழாம் பக்கம், 12ஆம் வரியில் உள்ளது எனக்கு விளங்கவில்லை" என மதிப்பீட்டாளர் குறிப்பெழுத அவை தேவை.

மூன்று பேர் எங்கே?

அறிவுறுத்தலின்படி கட்டுரையை மறுபடி அமைக்க உட்கார்ந்தேன். ஒவ்வோர் அட்டவணையும் தனிப் பக்கத்தில் வர வேண்டும், மேலே தலைப்பு இருக்க வேண்டும், ஒவ்வொரு நிரலிலும் மொத்தத் தொகை காட்டப்பட வேண்டும் என்றிருந்தது. மொத்தத் தொகையை நான் முன்னர் எழுதியிருக்கவில்லை. இப்போது கூட்டிப் பார்த்தேன். 57 வந்தது. திரும்பவும் கூட்டினேன். அதே 57. சுருக்கத்திலோ 60 பேர் என்று எழுதியிருந்தோம்.

என்னோடு சேர்ந்து எழுதிய நண்பி சொன்னாள்: "மூன்று பேர்தானே. சுருக்கத்திலும் 57 என்று மாற்றிவிட்டால் எல்லாம் சரி." உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. இரவு பதினொரு மணி, மறுநாள் காலையில் கடமை. ஆனால் எமக்கு வழிகாட்டிய வைத்திய நிபுணரிடம் மறுநாள் சொன்னபோது அவர் ஒன்று மட்டும் கேட்டார்: "57 என்று மாற்றினால் கூட்டல் சரிவரும். அந்த மூன்று பேரும் எங்கே?"

பதிவேட்டு அறைக்குப் போய்க் கோப்புகளைத் தேடினோம். ஒருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, அதே பெயருள்ள இன்னொருவரின் கோப்புக்குள் கிடந்தது. எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாமவர் வேலைக்காக வெளிநாடு போயிருந்தார். மூன்றாமவர் ஒரு தாய். கிளினிக்குக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். கோப்பிலிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"போன முறை சீனி கூடிப்போச்செண்டு நீங்க ஏசினீங்க மகள். இந்த முறை இன்னும் கூடியிருக்கும். அதான் வரல்ல" என்றார்.

நான் ஏசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. நூறு பேர் காத்திருந்த ஒரு காலையில் குரலை உயர்த்தியிருக்கக்கூடும். அவர் என்னைக் குறை சொல்லவும் இல்லை. தான் வராததற்கு மன்னிப்புத்தான் கேட்டார். அடுத்த கிழமை வரும்படி கெஞ்சினேன். வந்தார்.

இதில் உள்ள ஆய்வுப் பாடத்தைக் கவனியுங்கள். சீனி கட்டுப்படாதவர்கள் பயந்து வராமல் நின்றுவிட்டால், வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வில் எல்லாம் நன்றாகவே தெரியும். உதாரணமாக, 57 பேரில் 38 பேருக்குக் கட்டுப்பாடு நன்று எனில் அது 66.7 சதவீதம். சேர்த்துக்கொண்ட 60 பேரையும் அடியாக எடுத்து, வராதவர்களைக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களாகக் கொண்டால் அதே 38 பேர் 63.3 சதவீதம்தான். வித்தியாசம் சிறிது. ஆனால் பெரிய ஆய்வொன்றில் முந்நூறு பேர் இப்படிக் காணாமற் போனால், பயனற்ற ஒரு சிகிச்சையும் பயனுள்ளதாகத் தோன்றலாம். அதை வாசிக்கும் வைத்தியர் அதன்படி மருந்தெழுதுவார்.

இதனால்தான் இத்தகைய அவதானிப்பு ஆய்வுகளுக்கென 2007இல் வெளியான 'ஸ்ட்ரோப்' சரிபார்ப்புப் பட்டியல், 22 விடயங்களில் ஒன்றாக, ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தனர், விலகியவர்கள் ஏன் விலகினர் என எழுதச் சொல்கிறது. மருந்துப் பரிசோதனைகளுக்கு 'கொன்சோர்ட்' என்றொரு பட்டியல் 1996 முதல் இருக்கிறது. தனி நோயாளர் அறிக்கைகளுக்கு 'கெயார்' பட்டியல் உண்டு. கட்டுரை எழுதி முடித்த பின் தேடாமல், ஆய்வைத் திட்டமிடும்போதே அவற்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியில் நாங்கள் எழுதியது இதுதான்: 60 பேர் சேர்க்கப்பட்டனர், 58 பேரின் தரவு பகுப்பாய்வு செய்யப்பட்டது, ஒருவர் வெளிநாடு சென்றார், ஒருவர் உரிய காலத்தில் வரவில்லை. அந்தத் தாய் பின்னர் வந்தாலும் ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டதால் அவருடைய அறிக்கையைச் சேர்க்க முடியவில்லை. குறைபாடுகள் பகுதியில், சீனி கூடியவர்கள் கிளினிக்கைத் தவிர்த்திருக்கலாம் என்றும் ஒரு வசனம் சேர்த்தோம்.

எண்ணும் அலகும்

இன்னொரு பிழையும் அகப்பட்டது. ஓர் அட்டவணையில் இரத்தச் சீனியை மில்லிகிராம்/டெசிலீற்றரிலும் மற்றொன்றில் மில்லிமோல்/லீற்றரிலும் எழுதியிருந்தோம். முன்னையதை 18ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பின்னையது வரும். நீரிழிவு என முடிவு செய்யும் வெறுவயிற்று அளவான 126 மில்லிகிராம்தான் மற்ற அலகில் 7.0. அலகு எழுதாத எண்ணுக்குப் பொருளில்லை. சஞ்சிகை எந்த அலகைக் கேட்கிறதோ அதையே தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்துங்கள். சதவீதம் எழுதும்போது பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதுங்கள். "50 சதவீதம்" என்பது நான்கு பேரில் இரண்டு பேராகவும் இருக்கலாம்.

காணி உறுதி மாதிரி ஒரு தமிழ்

தமிழை நேசிக்கும் உங்களுக்காக இதைத் தனியே எழுதுகிறேன். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பங்குபற்றுவோர் விடயத்தை விளங்கிச் சம்மதம் தர வேண்டும். 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் இதற்கு அடிப்படையானது. கட்டுரையிலும் இதை ஒரு வசனமாக எழுத வேண்டும்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான்தான். "இவ்வாய்வில் சுயவிருப்பின் பேரில் பங்குபற்றுவதற்கு இத்தால் சம்மதிக்கின்றேன்" என்று எழுதி, பெருமையோடு ஒரு மூதாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "காணி உறுதி மாதிரி இருக்கு மகள். நான் எந்த இடத்தில கையொப்பம் வைக்கணும்?"

அவர் எதையும் விளங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒப்பமிட ஆயத்தமாக இருந்தார். அன்றிரவு அதை மாற்றி எழுதினேன்: "இதில் சேர்வதும் சேராமல் விடுவதும் உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் உங்களுக்குத் தரும் மருந்திலும் கவனிப்பிலும் எந்தக் குறையும் வராது." மாற்றிய படிவத்தை நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி அனுப்பி, அனுமதி கிடைத்த பிறகே பயன்படுத்தினோம். வினாக்கொத்தில் "நீரிழிவு" என்பதன் பக்கத்தில் "சீனி வருத்தம்" என்றும் சேர்த்தோம். நல்ல தமிழ் தெரிந்த வைத்தியர்களும் தாதியரும் ஆய்வாளரும் எங்கள் வைத்தியசாலைகளுக்குத் தேவை. தமிழ்ப் பாடம் விஞ்ஞானப் பிரிவு மாணவிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

யாருடைய பெயர் வரலாம்?

சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ அதை விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ ஆழமாகத் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதிலுள்ள எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் பொருந்தியவர்தான் கட்டுரையாசிரியர். பதவியில் பெரியவர் என்பதற்காகவோ நண்பி என்பதற்காகவோ பெயர் சேர்க்க முடியாது. கோப்புகளைத் தேடித் தந்த உத்தியோகத்தருக்கு 'நன்றி' பகுதியில் இடமுண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்றும், பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்றும் 2023இல் அக்குழு சேர்த்திருக்கிறது. பிழை வந்தால் கருவி பொறுப்பேற்காது என்பதே காரணம்.

உசாத்துணைகளிலும் இதே நேர்மை வேண்டும். நீங்கள் உண்மையில் வாசித்த கட்டுரையையே குறிப்பிடுங்கள். இன்னொருவரின் பட்டியலிலிருந்து பார்த்து எழுதினால் அவருடைய பிழையும் உங்களுடையதாகும். கருவி ஒன்று தந்த உசாத்துணை உண்மையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாத கட்டுரைகளையும் அவை எழுதித் தருவதுண்டு.

வடிவம் சரி, உள்ளே பொய்

1998இல் 'லான்செட்' சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு சிலரும் 12 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சின்னமுத்து, கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றுக்கான தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற பயம் அதிலிருந்து பரவியது. பிரித்தானியாவில் பல பெற்றோர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். சின்னமுத்து மீண்டும் தலைதூக்கியது.

பின்னர் வெளிவந்தவை என்ன? பிள்ளைகள் வரிசைப்படி வந்தவர்கள் என்று கட்டுரை சொன்னது உண்மையல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதி பற்றிய கூற்றும் உண்மையல்ல. தடுப்பூசிக் கம்பனிகளுக்கு எதிராக வழக்குத் தொடுக்க ஆயத்தமான சட்டத்தரணிகளிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் கிடைத்ததும் மறைக்கப்பட்டிருந்தது. 2010இல் லான்செட் அக்கட்டுரையை மீளப்பெற்றது. அதே ஆண்டில் அவர் மருத்துவப் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டார். எல்லாம் நடந்து முடிய 12 வருடங்கள் ஆயின. அந்தப் பயம் இன்றும் முற்றாகப் போகவில்லை.

மாதிரியை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள், அனுமதி பெற்றீர்களா, உங்களுக்கு இதில் வேறு நலன் உண்டா? படிவத்தில் இம்மூன்றும் மூன்று சிறிய வரிகள். அவற்றை நிரப்பும்போது எனக்கு அந்தப் பன்னிரண்டு வருடங்கள் ஞாபகத்துக்கு வரும்.

அனுப்பும் நாளும் அதன் பின்னும்

கட்டுரையோடு ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். ஆய்வு என்ன, இச்சஞ்சிகையின் வாசகருக்கு அது ஏன் பயன்படும், வேறெங்கும் வெளிவரவில்லை, இப்போது வேறெங்கும் அனுப்பப்படவும் இல்லை என்பவற்றை அதில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்புவது பெரும் பிழை.

"உங்கள் மேன்மையான கட்டுரையை மூன்றே நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அவசரப்படாதீர்கள். மதிப்பீடு எதுவுமின்றிப் பணத்துக்காக மட்டும் நடத்தப்படும் போலிச் சஞ்சிகைகள் இருக்கின்றன. நூலகரிடமும் மூத்தவர்களிடமும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மதிப்பீட்டாளரின் கேள்விகள் வரும்போது மனம் நோகும். ஒரு நாள் பொறுத்திருங்கள். பின்னர் ஒவ்வொரு கேள்வியையும் இலக்கமிட்டு, கீழே பதிலையும் திருத்திய வரியின் இலக்கத்தையும் எழுதுங்கள். ஏற்க முடியாத கேள்விக்குப் பணிவாகக் காரணம் சொல்லலாம். எங்கள் கட்டுரைக்குப் பதினாறு கேள்விகள் வந்தன. ஒரு கேள்வி, வராமல் நின்றவர்களைப் பற்றி. அதற்கான பதில் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது.

தங்கையரே, இதைப் பழக மருத்துவ பீடம் வரை காத்திருக்க வேண்டாம். இரசாயன ஆய்வுகூடத்தில் உங்கள் வாசிப்பு அயலில் இருப்பவளின் வாசிப்போடு ஒத்துவராவிட்டால், அவளுடையதைப் பார்த்து எழுதாமல் உங்களுக்குக் கிடைத்ததையே எழுதி, ஏன் மாறியது என ஒரு வரி சேருங்கள்.

பெற்றோரே, மகள் புள்ளிகளோடு வீட்டுக்கு வரும்போது எத்தனை எடுத்தாள் என்று கேட்கிறோம். பிழைத்ததை மறைக்காமல் வந்து சொன்னால் அன்றைக்கு ஏசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஏச்சுக்குப் பயந்தவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள் என்பதை அந்தத் தாயிடம் நான் கற்றுக்கொண்டேன். அவர் இப்போது மாதந்தோறும் கிளினிக்குக்கு வருகிறார். சீனி சில மாதம் கூடும், சில மாதம் குறையும். கூடிய மாதத்திலும் வருகிறார்.